ஊர் எடை இழந்த ஆடி

கணவாய்ப்புதூர்க்காரர்கள் தங்கள் உடம்பு எடையில் பத்தில் ஒரு பங்கை எப்போது இழந்தார்கள் என்பதைப் பற்றிப் பிற்பாடு யாருக்குள்ளும் சச்சரவு இருக்கவில்லை. பல்கலைக்கழகத்துப் பொருளாதாரத் துறைத் தலைவி அருக்காணி, ஆனி மாதக் கடைசியில் அரங்கத்து மேடையேறி, வருகிற ஆண்டில் நம் வட்டாரத்தின் வரும்படி பத்தில் ஒரு பங்கு குறையும் என்று வாசித்துவிட்டு, மூக்குக் கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டிருந்தாளே, அந்தக் கொஞ்ச நேரத்துக்குள்தான் என்று எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். அன்றைக்கு அது யாருக்கும் தெரியவில்லை. வெளியே வந்தவர்கள் காப்பி குடித்தார்கள், வடை தின்றார்கள், படியிறங்கும்போது முழங்கால் வலிக்கவில்லையே என்று ஒன்றிரண்டு வயசாளிகள் நினைத்துக்கொண்டார்கள், பஸ் ஏறி வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

அரங்கத்தில் இல்லாதவர்கள் அதை வானொலியில் கேட்டார்கள், மறுநாள் செய்தித்தாளில் படித்தார்கள், படிக்காதவர்களுக்குப் படித்தவர்கள் சொன்னார்கள், அந்தச் சொல் போய்ச் சேர்ந்த வீடுகளிலெல்லாம் மனிதர்கள் அதே அளவு இலேசானார்கள்.

தேங்காய்க் களத்தில்தான் விஷயம் வெளிப்பட்டது. மாடிக் கிடங்கிலிருந்து கொப்பரை மூட்டையைக் கப்பியில் கட்டி இறக்குகிற மாரப்பன் எப்போதும்போலக் கயிற்றைப் பிடித்துத் தன் உடம்பாலேயே நிதானம் கொடுத்துக்கொண்டிருக்க, மூட்டை விறுவிறுவென்று கீழே வந்தது, மாரப்பன் விறுவிறுவென்று மேலே போனார், கப்பியில் தலை இடித்துத் தொங்கியபடி, "ஏனுங்க, யாராச்சும் மூட்டைல கல்லப் போட்டீங்களா?" என்று கேட்டார். மூட்டையை நிறுத்துப் பார்த்தார்கள், சரியாக இருந்தது. பிறகு மாரப்பனை நிறுத்தார்கள். பிறகு ஒருவரை ஒருவர் நிறுத்துக்கொண்டார்கள். சாயங்காலத்துக்குள் பேருந்து நிலையத்தில் வண்ண விளக்கு சுற்றுகிற எடை இயந்திரத்தின் முன்னால் கூட்டம் கூடிவிட்டது. குண்டாக இருந்தவர்கள் சந்தோஷப்பட்டார்கள். இனிப்புக் கடைகளில் வியாபாரம் ஏறியது. அருக்காணியம்மா சொன்ன கணக்கு அப்படியே நம்ம மேல இறங்கியிருக்குது என்று முதலில் சொன்னது யார் என்று தெரியவில்லை, ஆனால் சொன்ன மாத்திரத்தில் எல்லோருக்கும் அது நியாயமாகப்பட்டது.

அருக்காணியை அவர்கள் அவ்வளவு நம்பினார்கள் என்றால் அந்த நம்பிக்கை சும்மா வந்ததில்லை, சீக்கிரம் வந்ததுமில்லை. தோட்டத்து ஓலைச் சாளையில் பிறந்து, மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டுப் பள்ளிக்கூடம் போய், மழைக்கும் தேங்காய் விலைக்கும் உள்ள உறவைப் பற்றி ஆராய்ச்சி செய்து பட்டம் வாங்கி, டெல்லிக் கருத்தரங்குகளில் தன் பெயரை வெவ்வேறு விதமாகக் கடித்துக் குதறியவர்களுக்கு நடுவே கட்டுரை வாசித்து, விரிவுரையாளராகி, பேராசிரியராகி, துறைத் தலைவியானவள் அவள். ஒவ்வோர் ஆனியிலும் அடுத்த ஆண்டு எப்படி இருக்கும் என்று கணித்துச் சொல்வாள். அது பெரும்பாலும் தப்பிப்போகும். ஏன் தப்பியது என்று இன்னொரு கட்டுரை எழுதுவாள். அந்தத் தொழிலில் எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள், யாருக்கும் அதில் வெட்கமில்லை, கேட்பவர்களும் அதிகமில்லை. முன்வரிசையில் அவள் கணவன் சாமியப்பன் மட்டும் மோட்டார் காயில் கட்டும் கடையைச் சாத்திவிட்டு, வெள்ளைச் சட்டை போட்டு வந்து, ஒரு சொல் விடாமல் கேட்டுக்கொண்டிருப்பான்.

பிறகு மூன்று ஆண்டுகள் தொடர்ந்து அவள் சொன்னது பலித்தது. தென்னையில் வெள்ளை ஈ விழுந்து விலை கவிழும் என்றாள், கவிழ்ந்தது. நூற்பாலைகள் பாதி மூடும் என்றாள், மூடின. சின்ன வெங்காயம் போட்டவர்கள் தப்பிப்பார்கள் என்றாள், தப்பித்தார்கள். செய்தித்தாள்காரர்கள் அவள் படத்தைப் பெரிதாகப் போட்டார்கள். அதற்குப் பிறகு அவளால் காய்கறிக் கடைக்குப் போக முடியவில்லை. "அம்மா, பையன எந்தக் காலேஜ்ல சேக்கறதுங்க?" என்று வழிமறித்தார்கள். "இந்த வருசம் கெணறு வெட்டலாமுங்களா, வேண்டாமுங்களா?" என்று ஸ்கூட்டருக்குக் குறுக்கே நின்றார்கள். ஆரம்பத்தில் அப்படியெல்லாம் சொல்ல முடியாதுங்க என்றவள் பிறகு சொல்லலானாள். அவள் சொல்லுக்காக ஒரு முகம் காத்திருப்பதைப் பார்ப்பது அவளுக்குப் பிடித்துப் போயிருந்தது.

ஆடி பிறந்து கணவாயிலிருந்து காற்று வந்தபோதுதான் ஊர் பயத்தைத் தெரிந்துகொண்டது.

அந்தக் கணவாய்க் காற்று புதிதல்ல. மலை விட்டுக்கொடுத்த ஒரே சந்தின் வழியாக மேற்கிலிருந்து நுழைந்து, சுற்றிலும் நிற்கிற காற்றாலைகளையெல்லாம் சுழற்றிக்கொண்டு, தெருவில் காயப்போட்ட துணியையும் கூரைத் தகரத்தையும் வாரிக்கொண்டு போகிற காற்றுதான் அது. இந்த முறை அது கடைவீதிக்குள் நுழைந்தபோது, ஏற்கெனவே ஈர்க்குச்சிபோல இருந்த தையல்காரர் பொன்னுரங்கம், கழுத்தில் அளவு நாடாவும் கையில் பாதி தைத்த ரவிக்கையுமாகக் கடைவாசலில் நின்றவர், கால் தரையை விட்டு எழும்பி, எதிர் வரிசைக் கடைகளுக்கு மேலாக மிதந்துபோய், தண்ணீர்த் தொட்டியின் மேல் உட்கார்த்திவைக்கப்பட்டார். ஏணி வைத்து இறக்கினார்கள். "ஒண்ணுமில்லீங், நல்லாத்தான் இருந்துச்சு," என்று சிரித்தார். அவர் பெண்சாதி தெய்வானை மட்டும் சிரிக்கவில்லை. அவள் ஓடிப்போய் இஸ்திரிப்பெட்டியை எடுத்துவந்து அவர் இடுப்பில் கட்டினாள்.

அன்றிலிருந்து ஊர் கல் கட்டிக்கொண்டது. ஆண்கள் வேட்டி மடியில் கட்டினார்கள், பெண்கள் புடவைக் கொசுவத்தில் செருகினார்கள், அதற்கு மடிக்கல் என்று பெயர் வந்தது. ஒரு வீட்டுக்கு விருந்தாளி வந்தால் செருப்புக்குப் பக்கத்தில் மடிக்கல்லை இறக்கிவைப்பது மரியாதை என்றும், புறப்படும்போது வீட்டுக்காரர்களே அதை எடுத்துக் கையில் கொடுப்பது இன்னும் பெரிய மரியாதை என்றும் ஆயிற்று. பள்ளிப் பிள்ளைகள் ஒரே கயிற்றைப் பிடித்துக்கொண்டு வரிசையாகப் போனார்கள். ஆடி முடியும்வரை முடி வெட்டுவதில்லை என்று சலூன்காரர்கள் முடிவெடுத்தார்கள். கைக்குழந்தைகளுக்கு மட்டும் எடை குறையவேயில்லை என்பதைத் தாய்மார்கள் கண்டுபிடித்தார்கள். இன்னும் எதையும் நம்பத் தெரியாத அந்தப் பிஞ்சுகள் தங்கள் முழு எடையோடு கனத்தன, அவற்றை இடுப்பில் வைத்திருந்த பெண்கள் காற்றில் நிமிர்ந்து நடந்தார்கள். தெருவைக் கடக்க வேண்டிய ஆண்கள், "அம்மிணி, பாப்பாவக் கொஞ்சம் குடு, பாங்க் வரைக்கும் போயிட்டு வந்தர்றேன்" என்று கேட்டு வாங்கிப் போவது வழக்கமாயிற்று.

இறந்தவர்களுக்கும் எடை திரும்பவில்லை. கிழக்குத் தெருவில் ஒரு பெரியவர் காலமானபோது, பாடையைத் தூக்கியவர்கள் தோளில் சுமப்பதற்குப் பதிலாகக் கையால் கீழே அழுத்திப் பிடித்துக்கொண்டு போனதை அருக்காணி ஜன்னல் வழியாகப் பார்த்தாள். அன்றைக்குத்தான் அவள் முதல்முறையாக ஜன்னலைச் சாத்திக்கொண்டாள்.

அவளுடைய துறையிலேயே தண்டபாணி என்று ஒரு பேராசிரியர் இருந்தார். அவளுக்கு இளையவர், அவள் எழுதிய எல்லாவற்றுக்கும் மறுப்பு எழுதியவர். அவர் ஒருவர்தான் மடிக்கல் இல்லாமல், சட்டைப் பொத்தானைக்கூடப் போடாமல், காற்றில் சாவதானமாக நடந்து வந்தார்.

"உங்களுக்கு எடை குறையலீங்களா?" என்று அருக்காணி கேட்டாள்.

"இல்லீங்க மேடம். நீங்க வாசிச்சப்ப நான் தூங்கிட்டிருந்தேன். முழிச்சிருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்."

அதை அவர் கிண்டலாகத்தான் சொன்னார். அவள் அதைக் கிண்டலாக எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டாள்.

இலேசான மனிதர்களால் மூட்டை இறக்க முடியவில்லை, வண்டி தள்ள முடியவில்லை, தென்னை ஏறியவர்கள் காற்றில் கீற்றோடு கீற்றாக ஆடினார்கள். லாரிக்காரர்கள் அடுத்த மாவட்டத்துக்குப் போய்விட்டார்கள். கொப்பரை வியாபாரிகளும் அவர்கள் பின்னாலேயே போனார்கள். அடுத்த பங்குனியில் கணக்குப் பார்த்தபோது வட்டாரத்தின் வரும்படி சரியாகப் பத்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது. ஒரு துளி கூடவுமில்லை, குறையவுமில்லை. டெல்லியிலிருந்து பாராட்டு வந்தது. வெளிநாட்டிலிருந்து அழைப்பு வந்தது. அருக்காணி குளியலறைக்குள் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டு, குழாயைத் திறந்துவிட்டு, தனியாகச் சிரித்தாள். வாழ்நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது கிடைத்துவிட்ட சிரிப்பு அது. முகத்தைத் துடைக்கக் கண்ணாடியைப் பார்த்தபோது, அந்தச் சிரிப்பு இன்னும் முகத்தில் இருந்தது. அவள் அதைப் பார்த்துப் பயந்துபோனாள்.

அடுத்த ஆனி வந்தது. அவள் தன் அறையில் உட்கார்ந்து கணக்குப் போட்டாள். விடை மூன்றில் ஒரு பங்கு குறையும் என்று வந்தது. தரவுகளை மாற்றிப் போட்டாள், மூன்றில் ஒரு பங்கு என்று வந்தது. பழைய முறையில் போட்டாள், புதிய முறையில் போட்டாள், தண்டபாணியின் முறையில்கூடப் போட்டுப் பார்த்தாள். ஒவ்வொன்றும் வெவ்வேறு பாதையில் சுற்றிக்கொண்டு வந்து அதே இடத்தில் உட்கார்ந்தது. பத்தில் ஒன்று குறைந்தபோதே பொன்னுரங்கம் தொட்டி மேல் போய் உட்கார்ந்தார். மூன்றில் ஒன்று குறைந்தால் மடிக்கல் எந்த மூலைக்கு? அவள் கணினியை அணைத்துவிட்டாள்.

கலெக்டர் அவள் வீட்டுக்கே வந்தார். இளவயசுக்காரர், நல்லவர், காலுக்கடியில் ஈயத்தகடு வைத்த பூட்ஸ் போட்டிருந்தார்.

"மேடம், வளர்ச்சின்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. போதும். ஜனங்க எடை ஏறிடுவாங்க."

"எனக்கு அப்படி வரலீங்களே."

"வரலைன்னாலும் சொல்லலாமில்ல?"

"நான் தப்பாச் சொல்லியிருக்கேனுங்க, நெறையத் தடவ. பொய்யாச் சொன்னதில்ல. நாக்கு வராதுங்க."

"அப்ப என்ன வந்திருக்குன்னு எனக்கு மட்டுமாவது சொல்லுங்க."

அவள் கையிலிருந்த காகிதத்தைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டாள். கலெக்டர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து, நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்று, கதவுவரை சுவரைத் தொட்டுக்கொண்டே போனார். வாசலில் அவருடைய ஓட்டுநர் அவர் கையைப் பிடித்துக் காருக்குள் உட்கார்த்த வேண்டியிருந்தது.

பேசுவதால்தானே கெட்டது, பேசாமலே இருந்துவிடுவோம் என்று அவள் முடிவெடுத்தாள். அந்த ஆனியில் அரங்கம் திறக்கவில்லை. உடம்பு சரியில்லை என்று ஒரு வரி எழுதி ஒட்டிவிட்டு அவள் வீட்டுக்குள் இருந்துகொண்டாள். ஊர் அந்தக் காகிதத்தின் முன்னால் வந்து நின்றது, படித்தது, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது. சொல்லவே வாய் வராத அளவுக்கு எதையோ பார்த்துவிட்டார் என்றார் ஒருவர். நம்ம புள்ளகுட்டிக்கு ஆகாத ஒண்ணு என்றார் இன்னொருவர். போன ஆண்டு எல்லோருக்கும் ஒரே அளவாகக் குறைந்த எடை இந்த ஆண்டு அவரவர் பயத்துக்கு ஏற்ற அளவில் குறையத் தொடங்கியது. தைரியசாலிகள் கொஞ்சம் இலேசானார்கள், இரக்கப்படுகிறவர்கள் நிறைய இலேசானார்கள், பிள்ளைகள் வெளியூரில் இருந்த தாய்மார்கள் தூணைக் கட்டிக்கொண்டு தூங்கினார்கள். யாருக்கு எவ்வளவு பயம் என்பது இப்போது எல்லோருக்கும் வெட்டவெளிச்சமாகத் தெரிந்தது, அதனால் பயத்தோடு வெட்கமும் சேர்ந்துகொண்டது.

வீட்டில் சாமியப்பன் காலையில் தேநீர் டம்ளரை அவளிடம் நீட்டிக்கொண்டே கேட்டான்.

"மூணுல ஒண்ணா?"

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "யாரு சொன்னா உங்களுக்கு?"

"யாரும் சொல்லல. உன்ற மூஞ்சில இருக்குது." அவன் டம்ளரை வைத்துவிட்டு மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டான். அவன் குதிகால்கள் தரையில் படவில்லை. "பரவால்ல அருக்காணி. நீ கணக்குப் போட்டா சரியாத்தான் இருக்கும்."

அவள் அவனைப் பிடித்து உட்கார்த்தினாள். கடையிலிருந்து செம்புக் கம்பிச் சுருள்களை எடுத்துவந்து அவன் கணுக்காலில் சுற்றினாள். கீழே குனிந்திருந்ததால் அவனுக்கு அவள் முகம் தெரியவில்லை, அதற்காக நன்றியோடு இன்னும் கொஞ்ச நேரம் குனிந்தபடியே இருந்தாள்.

ஆடிக்காற்றின் முதல் நாளே பொன்னுரங்கம் போனார். இஸ்திரிப்பெட்டி இடுப்பில்தான் இருந்தது. அதையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு காற்று அவரைக் கடைவீதிக்கு மேல், தண்ணீர்த் தொட்டிக்கு மேல், தென்னைகளுக்கு மேல் கொண்டுபோனது. பார்த்தவர்கள் தூண்களையும் கம்பங்களையும் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள், பிடியை விட்டு ஓடி அவர் காலைப் பிடிக்க ஒருவருக்கும் எடை இருக்கவில்லை. அவர் இந்த முறை சிரிக்கவில்லை. தெய்வானை தெய்வானை என்று கூப்பிட்டுக்கொண்டே போனார், கூப்பிடுகிற குரல் சின்னதாகிச் சின்னதாகி, காற்றாலைகளின் சத்தத்துக்குள் கரைந்தது. மறுநாள் கிழக்கே கடைசிக் காற்றாலையின் இறக்கையில் அவருடைய அளவு நாடா சுற்றிக்கொண்டிருப்பதைக் கண்டார்கள். ஆளைக் காணவில்லை.

தெய்வானை பக்கத்து வீட்டுக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அருக்காணியின் வாசலுக்கு வந்தாள். திட்டுவாள் என்று அருக்காணி எதிர்பார்த்தாள். திட்டு வாங்கத் தயாராகத்தான் கதவைத் திறந்தாள்.

"அம்மா," என்றாள் தெய்வானை, "அவரு எங்க எறங்குவாருன்னு கணிச்சுச் சொல்லுங்கம்மா. நான் போய் அங்க நின்னுக்கறேன்."

அருக்காணி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"காத்து எந்தப் பக்கம் போவுதுன்னு உங்களுக்குத் தெரியுமில்லீங்க? உங்களுக்குத் தெரியாததா? சொல்லுங்கம்மா. கரூர்ப் பக்கமா, ஈரோட்டுப் பக்கமா? எந்த ஊருன்னாலும் போய் நின்னுக்கறேன்."

அவள் கண்களில் கோபமே இல்லை. முழு நம்பிக்கையோடு, மழைக்கு வாய் பிளந்த நிலம்போல அவள் அருக்காணியின் உதடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். புருசனைத் தூக்கிக்கொண்டு போனது காற்றில்லை, இந்தப் பார்வைதான் என்று அருக்காணிக்கு அப்போது உறைத்தது. இடுப்பில் இருந்த குழந்தை கனமாக, அசையாமல், கட்டை விரலைச் சூப்பிக்கொண்டு அவளை ஒரு பொருட்டாகவே மதிக்காமல் வேறு எங்கோ பார்த்தது. நம்பியிருக்க மாட்டேன் என்று தண்டபாணி சொன்னது அப்போதுதான் அவளுக்குக் கிண்டலாகப் படாமல் போயிற்று.

"களத்துக்கு வா தெய்வானை," என்றாள். "ஊரையும் வரச் சொல்லு."

கொப்பரை காயப்போடுகிற சிமெண்டுக் களத்துக்கு ஊர் வந்தது. கயிற்றைப் பிடித்துக்கொண்டும், ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டும், குழந்தைகளைக் கட்டிக்கொண்டும், பட்டப்பகலில் இருட்டில் நடப்பவர்களைப்போலத் தடவித் தடவி வந்தார்கள். அருக்காணி எடைத் தராசு மேடையின் மேல் ஏறி நின்றாள். ஒலிபெருக்கியைக் கையில் வாங்கினாள். காற்று அவள் புடவையை இழுத்தது. அவளுக்கும் எடை குறைந்துதான் இருந்தது. தன் கணக்கைத் தானே நம்பியவள் அவள்.

"போன மூணு நாலு வருசந்தான் உங்களுக்கு என்னத் தெரியும்," என்று ஆரம்பித்தாள். "அதுக்கு முன்னாடி நான் சொன்னதச் சொல்றேன், கேளுங்க."

சொன்னாள். பருத்தி விலை ஏறும் என்று அவள் சொன்ன ஆண்டில் மேட்டுக்காட்டுப் பக்கம் பருத்தி போட்டவர்கள் பறிகூலிக்குக்கூடக் கட்டுப்படியாகாமல் செடியோடு உழுதுவிட்டதைச் சொன்னாள். மழை பொய்க்கும் என்ற ஆண்டில் வெள்ளம் வந்து பாலம் போனதைச் சொன்னாள். கோழிப்பண்ணைக்குக் காலம் வந்துவிட்டது என்று சொல்லி, அந்த ஆண்டே கோழிக்கெல்லாம் நோய் வந்ததைச் சொன்னாள். நான்குவழிச் சாலை வந்தால் ஊர் செழிக்கும் என்று சொல்லி, சாலை வந்து ஊரைத் தொடாமலே போனதைச் சொன்னாள். ஒவ்வொன்றும் அவளுக்கு மனப்பாடமாக இருந்தது, பெற்ற பிள்ளைக்கு வந்த காய்ச்சலையெல்லாம் தாய் ஞாபகம் வைத்திருப்பதுபோல. காகிதம் எதுவும் தேவைப்படவில்லை. வெயில் ஏறியது, காற்று ஏறியது, அவள் சொல்லிக்கொண்டேயிருந்தாள்.

"பலிச்சுதே, அது?" என்று கூட்டத்திலிருந்து மாரப்பன் கத்தினார். "வெள்ளை ஈ? நூல் மில்லு?"

"இத்தன வருசம் கல்லெறிஞ்சா ஒண்ணு ரெண்டு மாங்காய் விழாதுங்களா? விழுந்தத மட்டும் பேப்பர்ல போட்டாங்க. நானும் பேசாம இருந்துட்டேன். எனக்குப் புடிச்சிருந்துச்சு." ஒலிபெருக்கியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "வர்ற வருசம் எப்படியிருக்கும்னு எனக்குத் தெரியாதுங்க. எப்பவுமே தெரிஞ்சதில்ல."

தெய்வானை முன்னால் வந்தாள்.

"தெரியாதா?" என்றாள். "தெரியாமயா சொன்னே? தெரியாத ஒண்ண நீ சொல்லியா எம்புருசன் போனாரு?"

அவள் ஓர் அடி எடுத்துவைத்தாள். அந்த அடி சிமெண்டுத் தரையில் தொம்மென்று விழுந்தது. அவளே அந்தச் சத்தத்தில் திடுக்கிட்டுக் கீழே பார்த்தாள். இன்னோர் அடி வைத்தாள், அதுவும் தொம்மென்றது. குழந்தையைப் பக்கத்தில் நின்றவளிடம் கொடுத்துவிட்டு, காற்றை ஊடறுத்து நடந்துவந்து, அருக்காணியின் கன்னத்தில் அறைந்தாள். முழு எடையோடு விழுந்த அறை அது. அருக்காணி தராசு மேடையிலிருந்து கீழே விழுந்தாள்.

பிறகு களம் முழுவதும் மடிக்கற்கள் விழும் சத்தம் கேட்டது. கோபம் ஏற ஏறக் கால்கள் ஊன்றின. எங்கள் பருத்தி என்றார்கள், எங்கள் கோழி என்றார்கள், ஒரு வருசமாக் கல்லக் கட்டிட்டுச் சுத்துனமே என்றார்கள், அவர்கள் திரும்பிப் போகும்போது தரை அதிர்ந்தது. போகிற வழியில் இரண்டு பேர் அவள்மேல் துப்பினார்கள். காற்று அவர்கள் சட்டைகளை உப்பவைத்துப் பார்த்தது, வேட்டிகளைப் படபடக்கவைத்துப் பார்த்தது, ஒருவரையும் தூக்க முடியாமல் கிழக்கே போய்விட்டது.

பொன்னுரங்கம் திரும்பவில்லை. அவரைப் பற்றிக் கடைசிவரை ஒரு தகவலும் இல்லை.

பல்கலைக்கழகம் அருக்காணியை வீட்டுக்கு அனுப்பியது. டெல்லிப் பாராட்டைத் திருப்பிக் கேட்டார்கள், கொடுத்துவிட்டாள். தண்டபாணி துறைத் தலைவரானார். ஆண்டுதோறும் அவரும் கணித்துச் சொல்கிறார், ஒருவரும் கேட்பதில்லை, அதுவே நான் ஊருக்குச் செய்கிற சேவை என்று அவர் சொல்லிக்கொள்கிறார். காய்கறிக் கடையில் அருக்காணியை இப்போது யாரும் வழிமறிப்பதில்லை, கத்தரிக்காயைப் பொறுக்கும்போது பக்கத்தில் நிற்பவர்கள் கொஞ்சம் நகர்ந்துகொள்வார்கள். அவளும் தன் முழு எடையோடு, கனமாக, வீடு திரும்புவாள்.

ஆனால் களத்திலிருந்து அன்றைக்கு அவள் வீட்டுக்கு வந்தபோது நடந்ததைச் சொல்ல வேண்டும். உதடு வீங்கியிருந்தது. சாமியப்பன் கூடத்தில் மின்விசிறிக் கொக்கிக்குப் பக்கத்தில், கணுக்காலில் சுற்றிய செம்புக் கம்பிகளோடு, உத்தரத்தைப் பிடித்துக்கொண்டு மிதந்தான். களத்து ஒலிபெருக்கியின் சத்தம் வீடுவரை வந்ததில் எல்லாவற்றையும் கேட்டிருந்தான்.

"நீங்க ஏன் எறங்கல?" என்று கத்தினாள். "கேட்டீங்கல்ல? எல்லாம் தப்புன்னு சொன்னேனே, கேட்டீங்கல்ல?"

"கேட்டேன். ஊரக் காப்பாத்தறதுக்குச் சொன்னே. நல்லாச் சொன்னே." கீழே குனிந்து அவளைப் பார்த்துப் பெருமையாகச் சிரித்தான். "பருத்தி தப்பினது மழையால. பாலம் போனது கட்டுன லட்சணத்தால. உன்ற கணக்குல தப்பில்ல."

அவள் சண்டை போட்டாள். தன் தப்புகளையெல்லாம் மறுபடி அடுக்கினாள். அவன் ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் வைத்திருந்தான், இத்தனை வருசமும் முன்வரிசையில் உட்கார்ந்து அந்தக் காரணங்களைத்தான் சேர்த்துக்கொண்டிருந்தான்போல. பிறகு அழுதாள். பிறகு, அப்படியென்றால் வர்ற வருசம் நல்லாயிருக்கும், எம் பேச்ச நம்புங்க, என்றாள். அவன் அவள் முகத்தைப் பார்த்தான், பரிவோடு தலையாட்டினான், இன்னும் ஒரு சாண் மேலே போனான்.

ஊர் கனத்துக் கிடக்கிற இந்த ஆடியிலும் அந்த ஒரு வீட்டில் மட்டும் ஜன்னல்கள் திறப்பதில்லை. கூடத்துத் தூணிலிருந்து ஒரு தாம்புக்கயிறு அவன் இடுப்புக்குப் போகிறது. காலையில் அவள் முகத்தைக் கழுவி, தேநீர் போட்டு, ஏணியின் இரண்டாம் படியில் ஏறி அவனுக்கு டம்ளரை நீட்டுகிறாள். வெளியே காற்று கதவை உலுக்குகிறது. கையில் ஒரு தரவும் இல்லாமல், ஒரு கணக்கும் இல்லாமல், அவள் அவன் கண்ணைப் பார்த்துச் சொல்கிறாள்.

"நாளைக்கு நல்லாயிருக்குமுங்க."

சொல்லிவிட்டு அவன் முகத்தைப் பார்ப்பதில்லை. கயிற்றைப் பார்க்கிறாள். சில நாள் அது விறைத்தபடியே இருக்கிறது. சில நாள், அவள் தன்னையறியாமல் அதை நிசமாகவே சொல்லிவிட்ட நாட்களில், கயிறு கொஞ்சமாகத் தொய்கிறது. அப்போது அவள் மூச்சுவிடாமல், ஏணியில் நின்றபடியே, அந்தத் தொய்வைக் கையில் சுருட்டிச் சுருட்டி வாங்கிக்கொள்கிறாள்.